பாதுகாப்பியல் பட்டமும் அதன் பெறுமானமும்

நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றிலிருந்தும் பொறுக்கி எடுக்கப்பட்ட உத்தியோகஸ்தர்கள் ஏறத்தாழப் பத்து மாத காலம் யுத்த சாஸ்திரத்தையும் ராஜதந்திரத்தையும் பயின்று, பயிற்சியின் முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. பட்டத்தையும் கையில் வாங்கிக்கொண்டு தத்தம் படைப்பிரிவுகளுக்குத் திரும்புகிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் சேப்பாக்க வளாகத்தில், அதே இயலை, இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனும் இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கிறான். வெலிங்டனில் படிப்பவருக்குப் படிக்கும் காலத்திலும் சம்பளம் உண்டு; குடியிருக்க வீடு உண்டு; திரும்பிப் போனால் காத்திருக்கும் பதவியும் உண்டு. சேப்பாக்கத்து இளைஞனுக்கோ பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள் எங்கே போவது என்பதே கேள்வி. இயல் ஒன்றாயிருந்தும், முத்திரை ஒன்றாயிருந்தும், இந்த இருவர் கையிலும் அந்தக் காகிதம் இருவேறு பெறுமானம் உடையதாகிவிடுவதன் காரணத்தை ஆராய்ந்தால், பாதுகாப்பியல் பட்டத்திற்கு எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பாதுகாப்பியல் என்று இங்கே நான் குறிப்பது போர் வரலாறு, அணு ஆயுதக் கொள்கை, எல்லைத் தகராறு, கடல்வழிப் பாதுகாப்பு, உளவு, பயங்கரவாதம், ஆயுதக் குறைப்பு முதலிய பல விஷயங்களை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்திருக்கும் பல்கலைக்கழகப் பாடத்தை. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருப்பெற்ற இவ்வியல், முதலில் படையையும் குண்டையும் பற்றியதாகவே இருந்தது. 1983இல் பாரி புஸான் எழுதிய நூலும், 1994இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மானிட வளர்ச்சி அறிக்கையும் அதன் எல்லையை விரித்துவிட்டன. உணவும் நீரும் சுற்றுச்சூழலும் நோயும்கூடப் பாதுகாப்பின் பாற்பட்டவையே என்ற கொள்கை வலுத்தது. அறிவுக்கு அது ஆதாயம்தான். பட்டதாரிக்கு ஆதாயமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எல்லாவற்றையும் தழுவி நிற்கும் ஒரு சாஸ்திரம் எந்த ஒரு தொழிலின் மேலும் உரிமை கொண்டாட முடியாமற் போகிறது. வக்கீலுக்கு நீதிமன்றமும் வைத்தியனுக்கு நோயாளியும் இருப்பதுபோல் பாதுகாப்பியல் பட்டதாரிக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட இடம் எதுவும் இல்லை.

இதில் ஒரு விசித்திரமும் கலந்திருக்கிறது. இந்த இயலைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரும் இந்த இயலில் பட்டம் பெற்றவர் அல்லர். 1948இல் தனி நிறுவனமாகப் பிரிந்து கலிபோர்னியாவின் ஸான்டா மோனிகாவில் நிலைகொண்ட ராண்ட் ஆராய்ச்சிக் கழகத்தில் அணு யுத்தத்தைப் பற்றிச் சிந்தித்தவர்களுள் ஹெர்மன் கான் பௌதிகம் படித்தவர். ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் கணித தர்க்கத்தில் தோய்ந்தவர். அச்சுறுத்தலின் இலக்கணத்தை வகுத்து 2005இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் பொருளாதார அறிஞர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போரியல் துறையை வளர்த்தெடுத்த மைக்கேல் ஹோவர்ட் சரித்திர ஆசிரியர்.

நம் தேசத்துக் கதையும் அதுவே. திருச்சிராப்பள்ளியில் 1929இல் பிறந்த கே. சுப்ரமண்யம், சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் படித்துவிட்டு 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். டெல்லியில் 1965இல் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தோன்றியபின், 1968 முதல் அதன் இயக்குநராக இருந்து, இந்திய அணுக்கொள்கையின் வாதங்களை ஏறக்குறையத் தனியொருவராய்ச் செதுக்கி, 1999இல் கார்கில் ஆய்வுக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் யுத்ததந்திர ஆய்வில் ஈடுபட்டது 1966ஆம் ஆண்டையொட்டி. உத்தியோகத்தில் பதினைந்து வருஷம் கழிந்த பிறகு, ராக்ஃபெல்லர் உதவித்தொகையில், என்பதைக் கவனிக்க வேண்டும். செங்கற்பட்டில் பிறந்து 1986இல் தரைப்படைத் தளபதியான ஜெனரல் சுந்தர்ஜியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பியல் எம்.எஸ்ஸி. பெற்றவர்தாம், ஆனால் அவர் பட்டம் பெற்றபோது தோளில் நட்சத்திரங்கள் ஏற்கெனவே ஏறியிருந்தன. 1998இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவி உண்டான நாள் முதல் அதை வகித்தவர்களை எண்ணிப் பார்த்தாலும், பிரஜேஷ் மிஸ்ரா, ஜே. என். தீட்சித், சிவசங்கர் மேனன் ஆகிய மூவர் வெளியுறவுப் பணியிலிருந்தும், எம். கே. நாராயணன், அஜித் தோவல் ஆகிய இருவர் காவல் பணியிலிருந்தும் வந்தவர்கள். பல்கலைக்கழகத்துப் பாதுகாப்பியல் துறையின் படிகளில் ஏறி அந்த நாற்காலியை அடைந்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.

இதற்காக அரசாங்கத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. அதன் வாயில்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பதே பிரயோசனம். பாதுகாப்பு என்னும் சரக்குக்கு நம் தேசத்தில் மொத்தக் கொள்முதல் செய்பவர் அரசாங்கம் ஒன்றே. அந்த அரசாங்கமோ தன் வாயிலில் நிற்பவனிடம் இந்தப் பட்டத்தை எங்கும் கேட்பதில்லை. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வில் டேராடூன் ராணுவக் கழகத்திற்கும் சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். கடற்படைக்குப் பொறியியலும் விமானப்படைக்குப் பௌதிகமும் கணிதமும் வேண்டுமே தவிரப் பாதுகாப்பியல் வேண்டியதில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் உதவித் தளபதி பதவிக்கும், உளவுத்துறையின் உதவி மத்திய உளவு அதிகாரி பதவிக்கும் அப்படியே. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் கால்நடை மருத்துவம் இருக்கிறது, மானிடவியல் இருக்கிறது, பாதுகாப்பியல் இல்லை. அரசியல் விஞ்ஞானமும் சர்வதேச உறவும் சேர்ந்த ஒரு பாடம் உண்டு, அதன் நிழலில் பாதுகாப்பியல் படித்தவன் ஒதுங்கிக்கொள்ளலாம். 2013இல் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது பொது அறிவு மூன்றாம் தாளில் உள்நாட்டுப் பாதுகாப்பு ஒரு பகுதியாகச் சேர்ந்தது. அந்த ஒரு தாளில் இப்பட்டதாரிக்குச் சற்றே அனுகூலம் உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம்.

இங்கே பணச் செலவைக் காட்டிலும் கொடிய ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. அது வயது. பரங்கிமலைக்கு உச்ச வயது இருபத்தைந்து, டேராடூனுக்கு இருபத்து நான்கு, உதவித் தளபதிக்கும் பொதுப் பிரிவில் இருபத்தைந்து, உளவுத்துறைக்கு இருபத்தேழு. இளங்கலையை இருபத்தொன்றில் முடித்தவன் முதுகலைக்காக இரண்டு வருஷத்தை ஒதுக்கிவிட்டு, அக்காலத்தில் பரீட்சைகளையும் எழுதாமல் இருந்துவிட்டால், எந்தப் பணியை மனத்தில் வைத்து இப்படிப்பைத் தேர்ந்தானோ அந்தப் பணியின் கதவு அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே பாதி மூடிவிடுகிறது. சீருடையின் மேல் உள்ள மோகத்தால் இந்த வகுப்பில் சேர்கிற பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் சொல்வது ஆசிரியர்களின் கடமை என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கமே இந்த இயலைப் பெரிதாய் மதிப்பதாகப் பேசிய காலமும் உண்டு. கார்கில் யுத்தத்திற்குப் பின், அதே சுப்ரமண்யம் தலைமையில் அமைந்த குழு ஒன்று, இந்தியாவுக்கு ஒரு தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. குருகிராமத்தை அடுத்த பினோலாவில் 2013 மே மாதம் 23ஆம் தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அதற்கு அடிக்கல் நாட்டினார். கல் நாட்டியதோடு நின்றது, பல்கலைக்கழகம் எழவில்லை. குஜராத்தில் 2009இல் மாநில நிறுவனமாகத் தொடங்கிய ரக்ஷா சக்தி பல்கலைக்கழகம் மட்டும் 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகமாக உயர்ந்து, காவல்துறை சார்ந்த படிப்புகளுக்கு ஒரு நிலையத்தை அமைத்துக் கொடுத்திருக்கிறது.

செலவுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற அரசு சார்ந்த நிறுவனங்களில் இம்முதுகலையின் கட்டணம் ஆயிரங்களில் எண்ணத்தக்கது. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியலும் ஆயுதக் குறைப்பும் பயிலுவதற்கான கல்விக் கட்டணம் பெயரளவே. விடுதியும் சாப்பாடும் புத்தகமும் சேர்த்தாலும் ஒரு நடுத்தரக் குடும்பம் கடன் வாங்காமல் தாங்கக்கூடிய தொகைதான். சென்னை வேளச்சேரி குரு நானக் கல்லூரியில் இளங்கலை நிலையிலேயே இப்பாடம் இருப்பதால், முதுகலைக்காகத் தனியே காலம் ஒதுக்க விரும்பாதவனுக்கு அதுவும் ஒரு வழி. படித்து முடித்தவன் தேசியத் தகுதித் தேர்வில் இதே பாடத்தை எழுதலாம். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வருகிறது. போட்ட முதல் வட்டியுடன் திரும்பும் நேர்வழி இந்த இயலில் இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். ஆயினும் இப்பாடத்திற்குத் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் மிகச் சிலவாதலால், ஆய்வுப் பட்டம் பெற்ற பின் ஆசிரியர் நாற்காலி காலியாகும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

லண்டனுக்குப் போகிறவனின் கணக்கு வேறு. அங்கே பெயர்பெற்ற கல்லூரிகளில் இத்தகைய ஓராண்டு முதுகலைக்கு வெளிநாட்டு மாணவரிடம் வாங்கும் கட்டணம் ஏறத்தாழ 30,000 பவுன் என்ற அளவில் நிற்கிறது. மாதம் 1,500 பவுன் வீதம் ஒன்பது மாத ஜீவனச் செலவு 13,500 பவுன். பவுனுக்கு 110 ரூபாய் என்று குறைவாகவே மதித்தாலும் மொத்தம் 48 லட்சத்தைத் தொடுகிறது. அதில் எட்டு லட்சத்தைத் தகப்பனார் எப்படியோ புரட்டிவிட்டு, மீதி 40 லட்சத்தை நூற்றுக்குப் பத்து வட்டியில், பத்து வருஷத் தவணையில் வங்கியிலிருந்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 52,860 ரூபாய்; பத்து வருஷ முடிவில் கட்டியிருக்கும் தொகை 63 லட்சத்திற்கு மேல். இந்தியத் தரைப்படையில் லெப்டினன்டாகச் சேர்பவருக்கும், குடிமைப் பணியில் முதற்படியில் சேர்பவருக்கும் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். உளவுத்துறை உதவி அதிகாரிக்கு 44,900 ரூபாய். அகவிலைப்படியும் இதர படிகளும் சேரும் என்பது மெய்தான். என்றாலும் இந்தப் படிப்புக்கு மிகவும் பொருத்தமான பதவியே கிடைத்துவிட்டது என்று கொண்டாலுங்கூட, அடிப்படைச் சம்பளம் அநேகமாக முழுவதும் தவணைக்கே போய்விடும். அந்தப் பதவிகளுக்கோ லண்டன் பட்டம் தேவையே இல்லை என்பதை முன்பே கண்டோம்.

“அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் பொருந்துகிற அந்த யோசனை பாதுகாப்பியலுக்குப் பொருந்தாது. பாதுகாப்பு என்பது இரகசியங்களோடு பழகும் தொழில். எந்த ராஜாங்கமும் தன் இரகசியத்தை அயல்நாட்டுப் பிரஜையின் கையில் கொடுப்பதில்லை. பிரிட்டனின் உளவு ஸ்தாபனங்களில் சேர பிரிட்டிஷ் பிரஜையாய் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1995இல் பிறப்பிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணை ஒன்று, இரகசிய ஆவணங்களைப் பார்க்கும் தகுதியைப் பொதுவிதியாக அமெரிக்கப் பிரஜைகளுக்கே உரியதாக்கியிருக்கிறது. அரசாங்கத்திற்கு வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பெனிகளுக்கும் அதே விதி. ஆகவே நம் பையன் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரச் சிநேகிதனை விட நன்றாகவே எழுதித் தேறியிருந்தாலும், சிநேகிதன் நுழையும் பெரும்பாலான வாயில்களில் இவனுக்குக் கடவுச்சீட்டே தடையாய் நிற்கும். படிப்புக்குப் பின் பிரிட்டனில் தங்க அனுமதிக்கும் இரண்டு வருஷமும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதமாகச் சுருங்குகிறது.

அமெரிக்கப் பிரஜைக்கு இந்தப் பட்டம் லாபகரமானதா என்ற கேள்வி தனியே ஆராயத்தக்கது. ஏனெனில் அங்கே அரசாங்கம் இந்தப் படிப்புக்கு ஏணியில் ஒரு படியை உண்மையாகவே அமைத்திருக்கிறது. மத்திய அரசாங்கச் சம்பளத் திட்டத்தில் வெறும் இளங்கலைக்கு ஐந்தாம் நிலை, முதுகலைக்கு ஒன்பதாம் நிலை என்பது பொது ஏற்பாடு. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பியல் வகுப்புகள் மாலை நேரத்தில் நடப்பதற்குக் காரணம், மாணவர்களில் பலர் பகலில் அலுவலகங்களில் வேலை செய்பவர்களாயிருப்பதே. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா தோன்றியபோது, மான்டரேயில் உள்ள கடற்படை முதுகலைப் பள்ளி, உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குக் கட்டணமின்றியே இத்தகைய முதுகலையைக் கற்பித்தது. வெலிங்டனில் கண்ட அதே நியாயத்தை இங்கும் காண்கிறோம்: உத்தியோகம் முந்தி, பட்டம் பிந்தி. ஆனால் அந்த ஏணியும் இப்போது ஆடுகிறது. முதுகலைப் பட்டதாரிகளை அரசாங்கத்துக்குள் அழைத்துச் செல்வதற்கென்று 1977இல் ஏற்பட்ட ஜனாதிபதி நிர்வாக உறுப்பினர் திட்டம் 2025 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. அதே வருஷம் இயற்றப்பட்ட சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவர்களுக்கு மத்திய அரசின் கடனை வருஷத்துக்கு 20,500 டாலர் என்று வரையறுத்துவிட்டது. வாஷிங்டனின் தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்திற்கு அது பாதிகூடக் காணாது.

தனியார் துறையில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அவர்கள் வாங்குவது பட்டத்தை அல்ல, அதோடு ஒட்டிவரும் ஒரு கைத்திறனை. தமிழ்நாட்டில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஐந்து நகரங்களை இணைத்து 2019இல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைக் காட்டி இம்மாணவர்களுக்கு ஆசை மூட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தொழிற்சாலைகள் தேடுவது கடைசல் இயந்திரம் அறிந்தவனையும் மின்னணுவியல் அறிந்தவனையும். போர்த் தத்துவம் எழுதிய கிளாஸ்விட்ஸைப் படித்தவனை அல்ல. ஆனால் அதே தொழிற்சாலை தன் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஸ்கோமெட் எனப்படும் கட்டுப்பாட்டுப் பட்டியலைப் பார்த்து உரிமம் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தியா 2016 முதல் 2018 வரை ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டிலும், வாஸனார் ஏற்பாட்டிலும், ஆஸ்திரேலியக் குழுவிலும் அடுத்தடுத்துச் சேர்ந்த பின் அந்தப் பட்டியலின் கனம் கூடியிருக்கிறது. எந்த இயந்திரம் எந்த நாட்டுக்குப் போனால் ஆயுதமாகும் என்று சட்டமும் அரசியலும் ஒருங்கே அறிந்து சொல்லக்கூடியவன் அங்கே தேவைப்படுகிறான். வங்கிகளில் பொருளாதாரத் தடைகளையும் கறுப்புப் பண மாற்றத்தையும் கண்காணிக்கும் வேலையும், கணினி ஊடுருவலின் பின்னணியை ஆராயும் வேலையும் அவ்வாறானவையே. பாதுகாப்பியலோடு சட்டமோ, புள்ளியியலோ, கணினியோ, சீனமோ, பர்மியமோ கற்றவனுக்கு இவற்றில் இடம் கிடைக்கும். வெறும் பாதுகாப்பியலோடு போகிறவனுக்கு வாயிற்காவலனே விடை சொல்லி அனுப்பிவிடுவான்.

இவ்வளவும் சொன்ன பின், படிப்பே வீண் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. அரணுக்கும் படைக்கும் ஒற்றாடலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியில் இந்த அறிவு புதுச்சரக்கன்று. இன்று உலகெங்கும் பாதுகாப்பியல் வகுப்புகளில் படிக்கப்படும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்கூட, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூல்நிலையத்தில் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்தே ஆர். சாம சாஸ்திரியின் கையால் 1909இல் அச்சேறியது. பாக் ஜலசந்தியின் மீனவர் பிரச்சினையையும், கச்சத்தீவையும், கூடங்குளத்தையும், இந்துமகா சமுத்திரத்தில் சீனக் கப்பல்களின் வருகையையும் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஆவணங்களைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் சொற்பம். அந்தச் சொற்பம் பெருக வேண்டுமானால் சேப்பாக்கத்து வகுப்பறை நிறைய வேண்டும். ஆனால் ஒரு தேசத்துக்கு வேண்டிய அறிவின் விலையை ஒரு குடும்பம் தன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துச் செலுத்த வேண்டும் என்ற நியாயம் எங்கும் இல்லை.

ஆகவே என் முடிவு இது. இப்பட்டத்தை உள்நாட்டில், குறைந்த கட்டணத்தில், வயது வரம்புள்ள பரீட்சைகளை ஒருபுறம் எழுதிக்கொண்டே, இன்னொரு மொழியையோ தொழிலையோ கூடவே கற்றுக்கொண்டு படிப்பதானால் தாராளமாகப் படிக்கலாம். லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் பிறர் பணத்தில் மட்டும் போகலாம்: 1983 முதல் பிரிட்டிஷ் அரசாங்கம் நடத்திவரும் செவனிங் உதவித்தொகை கட்டணத்தையும் ஜீவனச் செலவையும் ஏற்கிறது, ஆனால் விண்ணப்பிக்க இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கிறது, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருஷமாவது இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்த உதவித்தொகை கிடைக்காதவர்கள், தயைகூர்ந்து, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் வெலிங்டன் உத்தியோகஸ்தர் அதே படிப்புக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.